கம்பளையில் தொட்டதும் ஸ்டார்ட், நுவரெலியாவில் அடம்: மலையேறும் ஆட்டோமெட்டிக் கியர் டீசல் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால்

கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று வளைந்து ஏறும் அந்தப் பாதை 80 கிலோமீற்றர்கூட இல்லை. கீழே ஒழுங்காக இருந்த கார் மறுநாள் விடியலில் விடுதி முற்றத்தில் அடம்பிடிக்கக் காரணம் இந்த ஏற்றமே. மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அமுக்கிய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும்; காற்று மெலிந்தால் பற்றுவதும் சிரமம். புல்லில் உறைபனி படியும் சனவரி, பெப்ரவரிக் குளிரும் சேர்ந்தால் ஒளிந்திருந்த பழுதெல்லாம் வெளியே வரும்.

சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் சுற்றுகிறதா? சுற்றாவிட்டால் பிரேக்கை நன்றாக மிதித்து, லீவரை நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். அதில் பிடித்தால் கியர்பெட்டியில் உள்ள நியூட்ரல் சுவிட்ச் அல்லது லீவர் கேபிளைப் பார்க்க வேண்டும். அப்போதும் 'டிக்' சத்தம் மட்டும் கேட்டால் பெட்டரியை அளவெடுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும்; சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பெட்டரி தளர்ந்துவிட்டது. அளவு சரியாக இருந்தால் டெர்மினலையும், எஞ்சினிலிருந்து காரின் உடலுக்குப் போகும் ஏர்த் வயரையும் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். மழையும் மூடுபனியும் மாறாத ஊரில் ஏர்த் வயர் பச்சை பூப்பது சாதாரணம்.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம்: பள்ளத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுவது. மெனுவல் வேனில் பழகிய கை அதைத்தான் தேடும். ஆட்டோ கியர்பெட்டியின் எண்ணெய்ப் பம்ப், எஞ்சின் ஓடினால்தான் ஓடும். சில்லு உருண்டாலும் எஞ்சின் சுற்றாது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இறுகிவிடும். இறம்பொடை வளைவுகளில் அது உயிரோடு விளையாடுவது.

ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? இன்னொருவரைப் பின்னால் நிறுத்திப் புகைக்குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. குளிர் காலையில் இது பெரும்பாலும் எஞ்சினுக்குள் சூடேற்றிக் கொடுக்கும் குளோ பிளக்கின் கோளாறு. டாஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்து, இரண்டு மூன்று தடவை ஹீட் பண்ணிப் பிறகு சுற்றுங்கள். விளக்கு எரிவதை நம்பி பிளக் நல்லது என்று முடிவெடுக்க முடியாது. பல கார்களில் அது நேரக் கணக்கில் மட்டும் எரிகிறது. வயரைக் கழற்றி மல்டிமீற்றரில் ஒவ்வொரு பிளக்கையும் அளந்தால் ஓரிரண்டு ஓமுக்குள் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாதது செத்த பிளக். எல்லாப் பிளக்கும் நல்லதென்றால் அவற்றுக்கு மின்சாரம் விடும் ரிலேயைப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள்; பலவந்தப்படுத்தினால் ஹெட்டுக்குள் முறிந்துவிடும், பிறகு செலவு பல மடங்கு. ஸ்டார்ட் பண்ண ஈதர் ஸ்ப்ரே அடிப்பதும் ஆபத்து, சூடான பிளக்கில் வெடித்துப் பற்றும்.

புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. முந்திய இரவு மூக்கு மேட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தீர்களா? டாங்கி பின்னால் தாழ்ந்திருக்கும். ஒரு குழாய் மூட்டில் காற்று புகுந்தாலும் டீசல் டாங்கிக்கே திரும்பி வடிந்துவிடும். ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அமுக்குங்கள். அடுத்த இரவு மூக்கைப் பள்ளத்துக்குத் திருப்பி, கைப்பிரேக் போட்டுச் சில்லுக்குக் கல் வைத்து நிறுத்துங்கள். காலையில் உடனே பிடித்தால் காற்றுக் கசிவுதான். கிளிப், ஓ-ரிங் (ரப்பர் வளையம்), மிஞ்சிய டீசல் டாங்கிக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் மூன்றையும் மாற்றுங்கள். ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரையும் அப்படியே வடித்துவிடலாம்.

ஏறி வந்து தேநீர்க் கடையில் நிறுத்தியதும் பிடிக்காமல், அரை மணி ஆறியதும் பிடித்தால் கதை வேறு. சுற்றும்போது ஆர்பிஎம் முள் அசையாவிட்டால் எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சர்மேல் சந்தேகம். முள் அசைந்தால், காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) ஸ்கேனர் போட்டு அந்தக் குழாயின் ரெயில் அழுத்தம் பாருங்கள். சுற்றும்போது 200 பாரைக்கூடத் தொடவில்லையென்றால் இன்ஜெக்டர்கள் ரிட்டர்னில் கசிகின்றனவா என்று ஒவ்வொன்றாக அளக்கச் சொல்லுங்கள். அளந்து காட்டாமல் பம்பை மாற்றச் சொல்லும் கராஜில் சாவியைக் கொடுக்காதீர்கள்.