கார்ன் பாம்புக்கு மரப்பெட்டி: காற்றோட்டத்தில் இருந்து தொடங்கிய வேலை

எங்கள் கார்ன் பாம்பு நாலடியை நெருங்கிவிட்டது, குட்டியில் இருந்து இருந்த பிளாஸ்டிக் பெட்டியில் இனி நீட்டிப் படுக்க இடமில்லை. பாம்பு தன் முழு நீளத்துக்கும் உடம்பை நீட்ட முடிய வேண்டும் என்பதை இங்கே இங்கிலாந்தில் வளர்ப்பவர்கள் பலரும் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அதனால் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கடையில் பார்த்த மரப்பெட்டிகளில் பின்பலகையில் சின்னதாக இரண்டு வட்டத் துளைகள், அதோடு சரி. அதைப் பார்த்த பிறகுதான் நானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். சாரை, நாகம், மலைப்பாம்பு என நம் ஊர்ப் பாம்புகளை ஆசைக்காகப் பிடித்து வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. கார்ன் பாம்பு அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த, விஷமில்லாத இனம். எங்களுடையது வளர்ப்பவரிடமே பிறந்த குட்டி.

மரத்துக்கு 18 மி.மீ. பிளைவுட். 12 மி.மீ. போதும், எடையும் குறையும் என்பார்கள், ஆனால் மெல்லிய பலகையின் ஓரத்தில் ஸ்குரூ இறங்கும்போது பிளந்துகொள்ளும். 8க்கு 4 அடி பலகை ஒன்றில் 4க்கு 2 துண்டுகள் நான்கு வரும்: அடி, மேல், பின்பக்கம், நாலாவதை இரண்டாக அறுத்தால் இரு பக்கங்கள். ரம்பம் தின்னும் அளவையும் கணக்கில் வைத்து எல்லாத் துண்டையும் சில மி.மீ. குறைத்தே அறுக்கச் சொல்லுங்கள். முன்சட்டத்துக்கு மட்டும் தனியாகக் கட்டை வாங்க வேண்டும். தேவதாரு மரத்தை மட்டும் எடுக்காதீர்கள், அதன் வாசனை எண்ணெய் பாம்பின் மூச்சுக்கு ஆகாது.

இப்போது காற்று. இதில்தான் நான் நிறைய யோசித்தேன். வெப்பம் போய்விடும், ஈரம் போய்விடும் என்ற பயத்தில் பலரும் துளைகளைக் குறைக்கிறார்கள். கார்ன் பாம்புக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் போதும். அதைவிடக் கெடுதல் தேங்கி நிற்கும் ஈரக்காற்று: பூஞ்சை வரும், அடிவயிற்றுச் செதிள்கள் புண்ணாகும், நுரையீரல் தொற்று வரும். பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப் போல இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. வாயைத் திறந்து மூச்சுவிடுவதும் வாயோரம் குமிழி வருவதும் நம் கண்ணில் படுவதற்குள் நோய் முற்றியிருக்கலாம்.

அதனால் துளை எத்தனை என்பதைவிட எங்கே என்பதைத்தான் பார்த்தேன். குளிர்ந்த பக்கத்தில், தரையில் பரப்பும் மரச்சீவல் மட்டத்துக்குச் சற்று மேலே இரண்டு, சூட்டுக்கான விளக்கு இருக்கும் பக்கத்தில் கூரைக்குக் கொஞ்சம் கீழே இரண்டு, எல்லாமே 70 மி.மீ. வட்டம். சூடான காற்று மேல் துளை வழியே வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் கீழ்த் துளை வழியே புதுக் காற்று தானாக உள்ளே வரும், விசிறி எதுவும் வேண்டாம். துளைகளுக்கு நெருக்கமான எஃகுக் கம்பிவலை, அதையும் வெளிப்பக்கம் இருந்து அடித்து, உள்ளே மரத்தின் விளிம்பை உப்புத்தாளால் மழுக்கிவிட்டேன். பாம்பு இரவெல்லாம் மூக்கால் ஓரங்களைத் தேய்த்துக்கொண்டே சுற்றும், கூரான விளிம்பு இருந்தால் மூக்கு கிழிந்துவிடும்.

சோதனைக்கு ஊதுபத்தி. பாம்பை வைப்பதற்கு முன்பு, விளக்கைப் போட்டுப் பெட்டி சூடேறிய பிறகு, கீழ்த் துளைக்கு வெளியே பத்தியைப் பிடித்தேன். புகை நேராக உள்ளே இழுபட்டு, தரையோடு தவழ்ந்து, விளக்குப் பக்கம் போய் மேலேறி வெளியே வந்தது. கீழ்த் துளைகளை அட்டையால் மூடியபோது அதே புகை கூரையடியில் அப்படியே நின்றுவிட்டது. பின்பலகையில் ஒரே உயரத்தில் இரண்டு துளை போட்டால் ஏன் போதாது என்பது அந்த நேரத்தில் கண்ணுக்கே தெரிந்தது. பிறகு கதவை எடுத்துவிட்டு வாசனை முழுக்கப் போகும்வரை பெட்டியை ஆறவிட்டேன்.

உள்ளே தண்ணீர் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷ், பூச்சுக்குப் பூச்சு தேய்த்து. மூலைகளுக்கு மீன்தொட்டிக்குப் போடும் சிலிகான். குளியலறைச் சிலிகானில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், அது வேண்டாம். டின்னில் காய்வதற்கு எவ்வளவு நேரம் போட்டிருந்தாலும், மூக்கை உள்ளே வைத்தால் வாசனையே வரக்கூடாது, அதுதான் என் கணக்கு.

விளக்குக்குப் பீங்கான் ஹோல்டர், சுற்றிலும் கம்பிக்கூடு. இந்தக் கூட்டைத் தவிர்க்கவே முடியாது, ஏனென்றால் சூடான பல்பைச் சுற்றிக்கொள்ளும் பாம்பு சுட்ட பிறகும் விடாமல் கிடந்து வெந்துபோகும். விளக்கு, சூட்டை அளந்து அதற்கேற்ப வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் தெர்மோஸ்டாட்டில். அதன் சென்சார் வயரைக் கிளிப் வைத்துத் திருகியிருக்கிறேன். சென்சார் கழன்று குளிர்ந்த பக்கம் விழுந்தால் தெர்மோஸ்டாட் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து விளக்கை முழு வேகத்தில் எரிக்கும், அதுவும் மரப்பெட்டிக்குள். செல்லோடேப் பெட்டிக்குள் எந்த இடத்திலும் வரக்கூடாது: பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் செதிளோடு தோல் உரிந்து வரும்.

முன்னால் இரண்டு நகரும் கண்ணாடிகள், நடுவில் ஷோகேஸ் பூட்டு. தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழையும், கார்ன் பாம்பு இதில் கெட்டிக்காரி. ஒன்றன்மேல் ஒன்று வரும் கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் ஒளிபுகும் பிளாஸ்டிக் பட்டையும், வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையமும் போட்டாயிற்று.

காலிப் பெட்டியை ஓடவிட்டு அளந்ததில் விளக்கடிக் கல் 31 டிகிரி, குளிர்ந்த பக்கம் 23, இரவில் விளக்கு அணைந்ததும் 20க்குப் பக்கம். அதன் பிறகுதான் அவளை உள்ளே விட்டோம். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வோர் இடம் இருந்தாலும் இப்போதைக்குக் குளிர்ந்த பக்கத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறாள். கண் நீலம் பாய்ந்திருக்கிறது, சட்டை உரிக்கப்போகிறாள். துளைகளை மூடி ஈரத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக, மூடியில் வட்டம் வெட்டிய டப்பாவில் ஈரப்பாசி போட்டு வைத்திருக்கிறேன்.

புற ஊதாக் கதிர் தரும் யூவிபி குழல்விளக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதற்கும் ஒரு கம்பிக்கூடு செய்ய வேண்டும், பொருத்தியதும் எழுதுகிறேன்.