நிரந்தர முகவரி

கொட்டாஞ்சேனை போர்டிங்கில் எனக்கென்று இருப்பது ஒரு கட்டில், அலுமாரியில் இரண்டு தட்டு, காலை 5.40 முதல் 5.50 வரை குளியலறை. 2018இல் ஏ.எல். முடித்த கையோடு வந்தவள். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன்.

கடைக்கு வரும் சிங்கள அக்காமார் என் பேச்சைக் கேட்டதும் "யாப்பனேத?" என்பார்கள், யாழ்ப்பாணமா என்று. யாழ்ப்பாணத்து ஆன்ட்டிமாருக்கோ வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். "ஊர் எது பிள்ளை?" "பொகவந்தலாவை." "ஓ... தோட்டமா." அந்த 'ஓ'வுக்கு எத்தனை அர்த்தம் என்று இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

எந்தப் படிவத்திலும் 'நிரந்தர முகவரி' என்ற வரியில் கொஞ்சம் நிற்பேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் இலக்கம், டிவிசன், தோட்டத்தின் பெயர் என்று எழுதினாலும், கடிதம் எங்கள் காம்பராவுக்கு வராது. தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். அங்கிருந்து யாராவது மனம்வைத்துக் கொடுத்தனுப்ப வேண்டும். மூன்று வருடம் முன்பு ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வு 9ஆம் திகதி. கடிதம் அம்மா கைக்கு வந்தது 14ஆம் திகதி. ஓரத்தில் தேத்தண்ணிக் கறை வேறு.

சரி, கொழும்பு முகவரிக்கே எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று போர்டிங் ஆன்ட்டியிடம் கேட்டேன். வாக்காளர் இடாப்பில் என் பெயரையும் சேர்த்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். "பிள்ள, நாளைக்கு வீட்டுல பங்கு கேட்டா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கையெழுத்து வரவில்லை. அவரைக் குறை சொல்லவும் மனசில்லை. 2007இல் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை இராத்திரியோடு இராத்திரியாக பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதைப் பார்த்தவர். பொலிஸ் பதிவுக்கு அலைந்தவர். காகிதம் என்றாலே அவருக்குப் பயம்.

எங்கள் வீட்டில் அதற்கு நேர் எதிர், காகிதம்தான் சாமி. தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. மடிப்பு ஒவ்வொன்றும் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர்களாகிப் போன இலட்சக்கணக்கான பேரில் எங்கள் குடும்பமும் ஒன்று. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள், ஏதோ கொழுந்து நிறுத்துப் போடுவதுபோல. தாத்தாவுக்கு இந்த நாடு விழுந்தது, அவருடைய அண்ணனுக்கு அந்த நாடு. பெரிய தாத்தா தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் கூடலூரில் இன்னொரு தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் பெயர் சிலோன்காரர். இங்கே எங்களை எத்தனையோ பேர் இந்தியாக்காரர் என்றார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கும் வழி செய்ய 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. அம்மா அந்த டின்னை இன்னமும் சாமிப் படத்துக்குக் கீழேதான் வைத்திருக்கிறார்.

ஆக, ஓட்டுப்போட ஊருக்குத்தான் போக வேண்டும். 2024 செப்டம்பரில் வெள்ளிக்கிழமை இராத்திரி ஹட்டன் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. பாதிப்பேர் புறக்கோட்டைக் கடைப் பையன்கள். கித்துல்கலவில் இறங்கித் தேத்தண்ணி குடித்தபோது ஒருவன் சொன்னான்: "வருசம் பூரா கொழும்புக்கு ஒழைக்கிறோம், ஓட்டு மட்டும் மலைக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அப்புறம் டிசம்பரில் குடிசன மதிப்பீட்டுக்கு ஒரு தங்கச்சி வந்தாள். சிங்களப் பிள்ளை, தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினாள். இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்/மலையகத் தமிழர்' என்று கோடு போட்டுச் சேர்த்திருந்தார்கள். அந்தக் கோட்டையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்கேயா இருக்கிறது, இல்ல சும்மா வந்ததா?" என்று கேட்டாள்.

நான் வாய் திறக்கும் முன்னே குசினியிலிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது.

"ஆறு வருசமா இங்கதான் இருக்கிறா. எழுதுங்க."