சேற்றில் சிக்கிய டப்பா

ஆகஸ்ட் 4, திங்கள்

தொட்டியில் கயோலின் என்னும் வெள்ளைக் களிமண் ஒரு வழியாக இறுகிவிட்டது. மண்ணின் பலம் அளக்கும் டி-பார் கம்பியை இறக்கிப் பார்த்ததில் வெட்டு வலிமை (மண் சறுக்காமல் தாங்கும் அளவு) சுமார் 5 கிலோபாஸ்கல். விரல் வைத்தால் பள்ளம் விழும். கடலடியில் எண்ணெய் மேடைகளைப் பிடித்துவைக்கும் கெய்சன் அடித்தளத்தின் சிறு மாதிரி இது: 100 மில்லிமீட்டர் விட்டம், 200 நீளம். மேலே இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்த டப்பாதான். உள்ளிருக்கும் தண்ணீரை உறிஞ்சினால் தானாக இறங்கும். 1981-இல் டென்மார்க்கின் கோர்ம் எண்ணெய் வயலில் செய்ததும் இதே வித்தைதான்.

ஆகஸ்ட் 6, புதன்

டப்பாவின் மேலுள்ள வால்வை மூடி, டப்பாவை வேகமாக மேலே இழுத்தேன். என் கணக்கு 500 நியூட்டன்: வெளிச்சுவர் ஒட்டுதல் 157, அடிமண் விடாமல் பிடித்திழுப்பது சுமார் 350. வந்தது 330. டப்பா காலியாக மேலே வர, உள்ளே இருந்த மண் தொட்டியிலேயே கம்பம்போல நின்றது. மூடியைக் கழற்றினால், கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் கடுகளவு களிமண். துடைக்காமல் மாட்டியது நான்தான். ஒரு வார உழைப்பு!

ஆகஸ்ட் 8, வெள்ளி

தொட்டியின் மறு மூலையில் இன்னொரு முறை. 505! மூடிக்கு அடியில் உறிஞ்சல் 38 கிலோபாஸ்கல் வரை போனது. அதாவது மூடி மட்டும் கிட்டத்தட்ட 300 நியூட்டன் தாங்கியது. இந்த முறை உள்மண்ணும் கூடவே வந்தது. அடிப்பக்கம் பாத்திரத்தில் வழித்த மாவு மாதிரி வழவழவென்று இருந்தது. நடவு வயலில் காலைச் சட்டென்று உருவினால் வராது, குதிகாலை அசைத்துக் காற்று விட்டால் வந்துவிடும். புதன்கிழமை அந்தக் கடுகளவு மண் செய்ததும் அதேதான்.

ஆகஸ்ட் 9, சனி

வால்வைத் திறந்துவைத்து இழுத்தேன். 290. உள்சுவர், வெளிச்சுவர் ஒட்டுதல் மட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்றுதான் நான் காத்திருந்த சோதனை. வால்வு மூடி, கப்பி வழியாக 300 நியூட்டன் தொங்கவிட்டேன்: பத்து கிலோ தட்டுகள் மூன்று, கொக்கியோடு. வேகமாக இழுத்தபோது தாங்கியதில் அறுபது சதவீதம்தான். முதல் ஒரு மணி நேரத்தில் டயல் முள் 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தது. உறிஞ்சல் 18. தட்டுகளுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நகர்வு 3 மில்லிமீட்டர், உறிஞ்சல் 9. சுற்றியுள்ள மண்ணிலிருந்து தண்ணீர் மெல்ல உள்ளே வருகிறது. யாரும் தொடவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் வந்தால் தட்டுகள் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தன.

சார் எட்டிப் பார்த்து, "டிசைனுக்கு எந்த எண்ணை எடுப்ப?" என்றார். அலை வந்து இழுத்துவிட்டுப் போவதற்கு 505-ஐ நம்பலாம், விடாமல் இழுப்பதற்கு 290-க்கு மேல் போக மாட்டேன் என்றேன். 1992-இல் வட கடல் களிமண்ணில் நிறுவிய ஸ்நோரே எண்ணெய் மேடையில் நிலையான இழுப்பில் பெரும்பங்கை அடித்தளத்தின் எடைக்கே விட்டார்கள் என்பதையும் சொன்னேன். "சரி, அப்போ நானூறு நியூட்டன் எத்தனை மணி நேரம் நிற்கும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தொட்டியில் இன்னும் ஒரு மூலை மிச்சம் இருக்கிறது. ஓ-ரிங்கை இரண்டு முறை துடைத்தேன்.