வாணலியில் பற்றிய தீ

ஆடிக் கிருத்திகைக்குக் காட்பாடி வீட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது. பேசித் திரும்புவதற்குள் வாணலியில் தீ! ஆயா சொம்புத் தண்ணீரோடு பாய்ந்து வந்தார், கையைப் பிடித்துவிட்டேன். ஊற்றியிருந்தால் தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வாரி இறைத்திருக்கும். அடுப்பை நிறுத்தினேன். தோசைக்கல்லைப் பக்கவாட்டில் நகர்த்தி வாணலியை மூடினேன். காற்று கிடைக்காமல் அடங்கியது. உடனே திறந்தால் சூடு ஆறாத எண்ணெய் மறுபடியும் பற்றும் என்பதால் அரை மணி நேரம் தொடவே இல்லை.

"வேலூர் வெயிலுக்கே தண்ணீர்தான், இதற்கு மட்டும் ஆகாதா?" என்று ஆயாவுக்கு இன்னும் கோபம். கரி பிடித்த வாணலியைத் தேய்ப்பது நான்தான்.