பொரிக்கு வேளைக்கு ஒரு பவுன்

பொரி என்கிற நாய்க்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது மாசிக் கடைசியில். மகள் வைத்த பெயர். வெள்ளையாக இருந்தது, கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. தெருமுனை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 640 கிராம். "ஒரு கிலோ தக்காளிகூட இல்லையேம்மா" என்றார் அண்ணாச்சி.

டாய் பொமேரியன். நம் ஊரில் வெள்ளையாகப் புசுபுசுவென்று எது ஓடினாலும் பொமேரியன் என்றுதான் சொல்வோம். அதில் பல இந்தியன் ஸ்பிட்ஸ். அது கொஞ்சம் திடமான நாய், நம் வீட்டுச் சோற்றிலேயே வளர்ந்துவிடும். நிஜப் பொமேரியன் வளர்ந்து முடிந்தாலும் மூன்று கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது.

விற்றவர் அறுபது நாள் குட்டி என்றார். பாலில் பிஸ்கட் ஊறவைத்துக் கொடுங்கள், அதுதான் பழக்கம் என்றார். அப்படியே கொடுத்தேன். ராத்திரி எங்கள் ரசஞ்சோற்றிலும் ஒரு கை. மறுநாள் மத்தியானத்திலிருந்து வயிற்றால் போக ஆரம்பித்தது. மஞ்சளாக, தண்ணீராக. தைக்க வந்திருந்த ஒரு பட்டுப்பாவாடை மேலேயே போய்விட்டது. அந்தக் கதை தனி.

என் மாமியார் உசிலம்பட்டிப் பக்கம். "ஒரு நா வயித்தைக் காயப்போடு ஆத்தா, தன்னால கட்டிக்கிரும்" என்றார். அத்தையின் அப்பா சிப்பிப்பாறை வளர்த்தவர். கம்பங்கூழும் கேப்பைக்களியும் தின்று வளர்ந்த நாயாம். வயிறு சரியில்லை என்றால் தட்டை முகர்ந்துகூடப் பார்க்காது, புல்லைத் தின்று கக்கிவிட்டு மறுநாள் காட்டுக்குள் ஓடுமாம். லங்கணம் பரம ஔஷதம் என்று நாமும்தான் சொல்கிறோம். எனக்கும் சரி என்று பட்டது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒன்றும் கொடுக்கவில்லை.

காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் தையல் மிஷின் பெடலுக்கு அடியில் கிடக்கிறது. கூப்பிட்டால் தலை மட்டும் லேசாக ஆடுகிறது. தூக்கி நிறுத்தினால் குடித்தவன் மாதிரி கால் பின்னுகிறது. காது இரண்டும் சில்லென்று இருந்தன. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முந்தின நாள் ரோஸ் கலரில் இருந்த ஈறு வெளுத்து, விரல் வைத்தால் ஒட்டியது.

தெரிந்தவர் மூலம் ஒரு டாக்டர் போனில் கிடைத்தார். "தேன் இருக்கா? விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. வாய்க்குள்ள ஊத்திராதீங்க, புரையேறிரும். துண்டுல சுத்திக் கதகதப்பா தூக்கிட்டு வாங்க." ஆட்டோ போய்ச் சேரும்வரை தேனைத் தடவிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை நாக்கு வெளியே வந்து விரலை நக்கியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

காதோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நமக்குச் சுகர் பார்ப்பதைப் போலவே பார்த்தார். 38. நன்றாக இருக்கிற குட்டிக்கு 80-க்கு மேல் இருக்க வேண்டுமாம், 60-க்குக் கீழே போனாலே ஆபத்தாம். நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரைக் கரைசல் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் பொரி எழுந்து என் முந்தானையைக் கடித்து இழுத்தது.

டாக்டர் திட்டவில்லை. "பெரிய நாய்க்கு ஈரல் ஒரு குதிர்ம்மா. இதுக்கு அது சுருக்குப்பை" என்றார். சாப்பிடாத நேரத்துக்கென்று ஈரல் சேர்த்து வைக்கிற சர்க்கரை இந்தக் குட்டிகளுக்குக் கொஞ்சம்தான். தசையும் இல்லை, கொழுப்பும் இல்லை. உடம்பு சிறிசு என்பதால் சூடும் சீக்கிரம் இறங்கிவிடும். வெறும் வயிற்றோடு சில மணி நேரம் கிடந்தாலே கை இருப்பு காலி. வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சிப்பிப்பாறைக்கு மருந்தாக இருந்த பட்டினி பொரியைக் கொல்லப் பார்த்திருக்கிறது.

வாயைத் திறந்து பால்பற்களைப் பார்த்துவிட்டு, அறுபது நாளெல்லாம் இல்லை, அதற்கும் குறைவு என்றார். மலத்தைப் பார்த்ததில் உருண்டைப்புழு முட்டைகள். குட்டிகளை வயிற்றுப்போக்கில் கொல்கிற பார்வோ வைரஸுக்கான டெஸ்ட் நல்லவேளையாக நெகட்டிவ். எடைக்குத் தகுந்தபடி பூச்சி மருந்து, பன்னிரண்டு வார வயதுவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதம்வரை மாதாமாதம். பால் அடியோடு கூடாது. நாய்ப்பாலைவிடப் பசும்பாலில் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை கூடுதல், பால்குடி மறக்க மறக்க அதைச் செரிக்கிற சக்தியும் குறைந்துகொண்டே போகும்.

மூன்று நாள் உப்பில்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறியும் குழைந்த சோறும் கொடுத்தேன். மலம் கட்டினதும் சின்ன இன நாய்க்குட்டிகளுக்கென்று விற்கிற தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, முதலில் கால் பங்கு, அப்புறம் பாதி என்று ஒரு வாரத்தில் மாற்றினேன். கோழியும் சோறுமே போதுமே என்று கேட்டேன். வளர்கிற எலும்புக்கு அதில் சுண்ணாம்புச் சத்து போதாதாம்.

அளவுதான் வேடிக்கை. பொரியின் எடைக்கு ஒரு நாளைக்கு 40 கிராம் தீவனம். காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து என்று ஐந்து வேளை. வேளைக்கு 8 கிராம். அத்தை கணக்கைக் கேட்டுவிட்டு, "எட்டு கிராம்னா ஒரு பவுனு. நாய்க்கு நாளைக்கு அஞ்சு பவுனா!" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பவுன்தான். "ரெண்டு மணி பவுன் போட்டாச்சா?"

சித்திரை வெயிலில் இன்னொரு பாடம். ஊறவைத்ததை அரை மணி நேரத்துக்கு மேல் தட்டில் விட்டால் புளித்து நாறுகிறது. மிச்சத்தை எடுத்து வைத்து அடுத்த வேளைக்குக் கொடுக்க எனக்கும் கை துறுதுறுக்கும். கொடுத்தால் மறுபடி வயிற்றால் போகும். கொட்டிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவோடுதான் பெரிய சண்டை. பாசக்காரர். புரோட்டாவைச் சால்னாவில் தோய்த்து ஊட்ட வந்துவிடுவார். சால்னா முழுக்க வெங்காயமும் பூண்டும். அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், கொழுப்பு தனியாகக் கணையத்தைப் புண்ணாக்கும். வெந்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். பாயசத்து உலர்திராட்சை கிட்னிக்கு ஆகாது. ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி இப்போது அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பரவாயில்லை.

இன்னொன்று. ரத்தம் கலந்து நாற்றத்தோடு போனாலோ, வாந்தியும் சேர்ந்தாலோ தேன் தடவிவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். தடுப்பூசி பதினாறு வார வயதுவரை முறையாகப் போட்டு முடிக்கும்முன் தெருவில் இறக்காதீர்கள்.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று விடியற்காலையில் நாங்கள் எல்லோரும் கிளம்பினோம். ஒரு வருஷம்கூடத் தவறவிடாத அத்தை மட்டும் சேலை மாற்றாமல் நின்றார். "ஆறு மணிக்கு யாரு போடுறது? நான் டிவியில பாத்துக்கிறேன், போங்க."

நேற்று அண்ணாச்சி தராசில் 1 கிலோ 420. நாலு மாதம் தாண்டிவிட்டதால் டாக்டர் மூன்று வேளையாகக் குறைத்துவிட்டார், வேளைக்கு 16 கிராம். அத்தையிடம் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்ப மொத்தம் ஆறு பவுனு. ஒரு பவுன் ஏறியிருக்கு."