மதவு யாருடையது?

யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை என்பவர்களை மாரியில் எங்கள் ஒழுங்கைக்குக் கூட்டிவர வேண்டும். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாகக் கல்லுண்டாயில் கடலேரியோடு சேர்கிறது வழுக்கையாறு. கோடையில் மாடு மேயும். ஐப்பசி பிறந்தால்தான் அது ஆறு. எங்கள் வயல்வெளித் தண்ணீரை அதற்குக் கொண்டுபோகும் வாய்க்கால், ஒழுங்கையைக் கடக்கும் இடத்தில் ஒரு மதவு, அதாவது அடியில் தண்ணீர் போகக் குழாய் வைத்த சின்னப் பாலம், இருக்கிறது. அது அடைத்துப்போனதால் மழைத் தண்ணீர் படலை தாண்டி முற்றத்துக்கு வரத் தொடங்கியது. 2008 நிஷா புயல் வெள்ளம் என்றால் மனம் ஆறும். சாதாரண மழைக்கே இப்படி என்றால்?

சனசமூக நிலையக் கூட்டத்தில் வழக்கம்போல ஒருவர் அரசாங்க அதிபருக்கே எழுதுவோம் என்றார், இன்னொருவர் முகநூலில் போடுவோம் என்றார். கடைசியில் நிலையத்தின் கடிதத்தலைப்பில் எழுதி, விதானையாரிடம் சிபாரிசு வாங்கி, முதல் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பிள்ளை வாசித்துவிட்டு, “அண்ணை, வாய்க்கால் எங்கட பொறுப்பில்லை” என்றது. அடுத்த கந்தோரில், வாய்க்கால் சரி, மதவு வீதியோடு சேர்ந்தது என்றார்கள். மூன்றாவது இடத்தில் கடிதத்தை வாங்கி முத்திரை குத்தினார்கள், அவ்வளவுதான். ஒருவரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. தேத்தண்ணிகூடக் கிடைத்தது. தண்ணீர்தான் வடியவில்லை.

எங்கள் நிலையத்துக்குப் பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஐயா ஒருவர்தான் வழி காட்டினார். “தம்பி, துப்புரவாக்கித் தாங்கோ எண்டு கேட்காதை. இது ஆருடைய பதிவிலை இருக்கெண்டு கேள்.” 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவார்களா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஒழுங்கையின் பெயர், இரண்டு பக்கத்துக் காணிகள், மதவின் படம், கையால் கீறிய வரைபடம் எல்லாம் வைத்துப் பிரதேச சபையிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். ஒழுங்கை உங்கள் வீதிப் பதிவேட்டில் உள்ளதா, இல்லையா?

இருந்தது. ஒழுங்கை பிரதேச சபையுடையது, ஆகவே மதவும் அவர்களுடையது. இரு பக்கமும் வயலுக்குள் போகும் வாய்க்காலைக் கமக்காரர் அமைப்பு பார்க்க வேண்டும் என்று ஆனது. அந்தப் பதிலின் பிரதியை இணைத்து எழுதிய கடிதத்துக்கு மட்டும் மேசைகளில் வேறு மரியாதை! இன்னொரு வசதியும் இருந்தது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் செயலாளரைத் தவிர யாரிடமும் போக முடியாமல் இருந்தது. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு வட்டாரத்துக்கு உறுப்பினர் இருக்கிறார். எந்தக் கட்சி என்பது வேறு கதை, அமர்வில் எழுந்து கேட்க ஒரு வாய் வேண்டும்.

புரட்டாதியில் ஒரு ஞாயிறு பெக்கோ வந்தது. டீசலுக்கும் சாரதிக்கும் சபை, மண்வெட்டிக்கும் ஆளுக்கும் நாங்கள். மேல் மண் போனபிறகு உள்ளே இருந்தது கையால்தான் வந்தது: பசளைப் பை, ஷொப்பிங் பாக், இளநீர்க் கோம்பை, குழந்தைகளின் பம்பேர்ஸ். ஆற்றைப் பற்றிக் கூட்டத்தில் அதிகம் கவலைப்பட்டவர்களின் வீட்டுப் பொருட்களும் இருந்திருக்கும், நான் பெயர் சொல்லவில்லை. குழாய்கள் இரண்டில் ஒன்று உள்ளே வெடித்து இறங்கிக் கிடந்தது. அதைப் பெடியள் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தார்கள். நல்ல காரியம்.

ஏனென்றால் வெடித்த குழாயை மாற்றத் துப்புரவுக் காசு போதாது, அடுத்த ஆண்டுப் பாதீட்டில் சேர வேண்டும். பாதீடு வருடக் கடைசியில் சபைக்கு வரும் என்பதால், வெள்ளம் வந்தபிறகு எழுதினால் ஒரு வருடம் போய்விடும். அதனால் படத்தோடு கோரிக்கையை அந்தக் கிழமையே கொடுத்துவிட்டோம்.

முதல் பெருமழையில் ஒழுங்கையில் தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் கீழ்ப்பக்கத்து வயல்காரர், இப்போது தண்ணீர் தங்கள் பக்கம் விறுவிறென்று வந்து வரம்பை உடைக்கிறது என்கிறார்கள். அவர்களுடைய மதவு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று கேட்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.