ஆறுமணிக்குருவிக்கு எவ்வளவு வெளிச்சம்?

பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தபோது நான் இருவாச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேரளத்தில் உள்ள தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தில் இரண்டாம் நாள் காலை, மணி ஒன்பதரை இருக்கும். எதிரே உயர்ந்த மரமொன்றில் மலபார் சாம்பல் இருவாச்சிகள் மூன்று, யாரோ கிண்டலாகச் சிரிப்பது மாதிரி கத்திக்கொண்டிருந்தன. கேமராவை ட்ரைபாடில் நிறுத்திவிட்டுப் பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்தேன். யாரோ குப்பை எரிக்கிறார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தேன். வழிகாட்டியாக வந்த சேட்டன் என் தோளைத் தட்டினார்.

"ஃப்ளாஷ் புகையுது!"

நிஜமாகவே புகைந்துகொண்டிருந்தது. ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு மெல்லிய இழை. கேமராவைத் திருப்பி, கையால் மறைத்து, ஊதி அணைத்துப் பார்த்தால் ஃப்ளாஷின் முகப்பில் பட்டாணி அளவுக்கு ஒரு குழி. உருகிய பிளாஸ்டிக் ஓரத்தில் சுருண்டு நின்றது.

குற்றவாளி நானேதான். கிளம்புவதற்கு முந்தின வாரம், வயதானவர்கள் பேப்பர் படிக்க வைத்துக்கொள்வார்களே, அட்டை மாதிரி தட்டையான பூதக்கண்ணாடி, அதில் ஒன்றை வாங்கி, இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளும் வெல்க்ரோவும் வைத்து ஃப்ளாஷுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி நிற்கும்படி மாட்டியிருந்தேன். வெளிச்சத்தைக் குவித்துத் தூரத்துக்கு அனுப்பும் ஏற்பாடு. இதையே கடையில் அழகாகச் செய்தும் விற்கிறார்கள். குவிக்கிற கண்ணாடிக்கு உள்ளிருந்து வரும் வெளிச்சம், வெளியிலிருந்து வரும் வெளிச்சம் என்ற பேதமெல்லாம் கிடையாது. லென்ஸ் கிழக்கே பார்த்துக் கொஞ்சம் அண்ணாந்து நின்றது, சூரியனும் அங்கேதான் இருந்தது. சின்ன வயதில் பூதக்கண்ணாடி வைத்துக் காகிதத்தைப் பொசுக்கியவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

அந்த அட்டைக்குப் பெயர் ஃப்ரெனல் லென்ஸ். கனமான கண்ணாடியை வளையம் வளையமாக நறுக்கி, வளைவை மட்டும் வைத்துக்கொண்டு பருமனை எடுத்துவிட்டால் எப்படியோ அப்படி. ஃப்ரெனல் என்ற பிரெஞ்சுக்காரர் கலங்கரை விளக்கத்துக்காகச் செய்தது. 1823-இல் கார்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாக ஏற்றினார்கள். கப்பலுக்கு வழிகாட்டிய சமாச்சாரத்தை நான் குருவிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஏன் தூக்கிக்கொண்டு போனேன் என்றால், அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. என் லென்ஸ் 600 மி.மீ. அது பார்க்கிற கோணம் மூலைக்கு மூலை சுமார் 4 டிகிரிதான். ஃப்ளாஷின் தலையை எவ்வளவு நீட்டினாலும் 200 மி.மீ. லென்ஸ் பார்க்கிற அகலத்துக்குத்தான், அதாவது 12 டிகிரி அளவுக்குத்தான் குவியும். நீளத்தில் மூன்று மடங்கு, அகலத்தில் மூன்று மடங்கு. ஆக ஒன்பது பங்கு வெளிச்சத்தில் ஒரு பங்குதான் படத்துக்குள் விழுகிறது, மீதி எட்டும் காட்டுக்குத் தானம். அதைக் கொஞ்சம் மீட்கலாம் என்று பார்த்தேன்.

சரி, ஊர்க் கதைக்கு வருகிறேன். கோவையிலிருந்து ரயிலில் ஆலுவா, அங்கிருந்து பஸ்ஸில் கோதமங்கலம், இன்னொரு பஸ்ஸில் பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டர். பெரியாற்றங்கரையில் 25 சதுர கிலோமீட்டர்தான் சரணாலயம். 1933-இல் திருவிதாங்கூர்ப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி இந்த இடத்தில் மனதைப் பறிகொடுத்தார். அது சரணாலயமாக 1983 ஆயிற்று. இப்போது அவர் பெயரில்தான் இருக்கிறது. ஊருக்குள் பறவை பார்க்க வருகிறவர்களை நம்பியே பல வீடுகளில் அறை வாடகைக்கு விடுகிறார்கள். நான் தங்கிய வீட்டில் காலையில் புட்டும் கடலையும், எந்நேரமும் கட்டன் சாயாவும். குறை சொல்ல ஒன்றுமில்லை, கொசுவைத் தவிர.

நான் வந்தது ஆறுமணிக்குருவிக்காக. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே வரும் பறவை. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூவும் என்பதால் இந்தப் பெயர். அக்டோபர் வாக்கில் வந்துசேர்ந்த களைப்பில் நம் ஊர் வீட்டு முற்றங்களில்கூட வந்து விழும். யாராவது படம் எடுத்து "இது என்ன கிளி?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். பச்சை முதுகு, சிறகில் நீலம், சந்தன நிற நெஞ்சு, அடிவயிற்றில் குங்குமம், கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை. இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு அது வாழ்வது புதருக்கடியில், சருகுக்கு நடுவில், வெயில் எட்டிப் பார்க்காத இடத்தில்.

அன்று நாலு மணிக்கு, சரணாலயத்துக்கு வெளியே, வீட்டுக்காரரின் ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு ஓடை ஓரமாக உட்கார்ந்தோம். அது அவருடைய சொந்த இடம். ஃப்ளாஷ் போடலாமா என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். பல சரணாலயங்களில் அதற்கு அனுமதி கிடையாது, கேட்காமல் கையில் எடுக்கவே கூடாது. "கொறச்சு மதி" என்றார் சேட்டன். கொஞ்சம் போதுமாம். அப்போது அதை ஒரு நிபந்தனையாகத்தான் எடுத்துக்கொண்டேன், செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலேமுக்காலுக்கு வந்தது. முதலில் சருகு சரசரத்தது. அப்புறம் ஒரு துள்ளல், ஒரு நிற்றல், இன்னொரு துள்ளல். அலகால் ஒரு இலையைப் புரட்டிப் போட்டு, தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தது. குட்டை வால் மெதுவாக ஏறி இறங்கியது. எட்டு மீட்டர் தூரம். கேமராவில் அளவைப் பார்த்தால், லென்ஸின் திறப்பு எஃப் 6.3, வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ. 6400 என்று வைத்தும் ஷட்டர் வேகம் 1/60 நொடி. அந்த வேகத்தில் 600 மி.மீ. லென்ஸில் துள்ளுகிற குருவி வெறும் பச்சைத் தீற்றல்தான்.

ஃப்ளாஷை அதன் போக்கில் விட்டு, ஐ.எஸ்.ஓ.-வை 400-க்கு இறக்கி ஒன்று எடுத்தேன். திரையைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. பின்னணி அமாவாசைக் கறுப்பு. குருவி கல்யாணப் பந்தி போட்டோவில் மாட்டியவர் மாதிரி முழித்தது. நெஞ்சு வெளுத்து, ஈர இலைகளெல்லாம் பளபளத்து, கண்ணுக்குள் வெள்ளியில் ஒரு பொட்டு. பட்டப்பகலில் எடுத்த படம் நள்ளிரவில் திருட்டுத்தனமாக எடுத்தது போல இருந்தது. ஃப்ளாஷ் வெட்டியதும் குருவி அசையாமல் நின்றது, பறக்கவில்லை. நானும் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அது மறுபடி இலை புரட்டத் தொடங்க இரண்டு நிமிஷம் ஆனது.

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் கணக்கை ஒழுங்காகப் போட்டேன். ஃப்ளாஷின் வலுவைச் சொல்லும் கைடு நம்பர், தலையை முழுக்க நீட்டினால், ஐ.எஸ்.ஓ. 100-இல் 60. அதை எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம்: 60-ஐ 6.3-ஆல் வகுக்க ஒன்பதரை மீட்டர். ஐ.எஸ்.ஓ.-வை நாலு மடங்கு ஏற்றினால் தூரம் இரண்டு மடங்கு. 1600-க்கு ஏற்றினால் 38 மீட்டர்! என் குருவி நிற்பதோ எட்டில். முழு வெளிச்சமும் ஃப்ளாஷிலிருந்தே வர வேண்டுமென்றாலும் அதன் சக்தியில் இருபதில் ஒரு பங்குகூட வேண்டாம். காட்டு வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிழலை மட்டும் தூக்கிவிட அதிலும் கால் பங்கு போதும்.

ஆக, காலையில் பொசுங்கிய என் கலங்கரை விளக்கம் இங்கே எதற்குமே தேவைப்பட்டிருக்காது. ஃபிலிம் காலத்தில், ஐ.எஸ்.ஓ. 100-இலும் 200-இலும் எடுத்தவர்களுக்கு அது வரம். இன்றைக்கு இருபது முப்பது மீட்டருக்கு அப்பால் இருப்பதற்கோ, நல்ல வெயிலில் பின்னாலிருந்து வெளிச்சம் விழ நிற்பதற்கோ வேண்டுமானால் உதவும். வெயிலில் ஷட்டர் 1/250-ஐத் தாண்டிவிடும். அப்போது ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் முழுக்கத் திறந்திருக்காது, ஒரு பிளவு மட்டும் நகரும். அந்தப் பிளவு நகர்கிற நேரமெல்லாம் ஃப்ளாஷ் விட்டுவிட்டுத் துடிக்க வேண்டும். அதிலேயே சக்தி கரைந்துவிடும். புதருக்கடியில் அந்தப் பிரச்சினையே இல்லை.

ஐ.எஸ்.ஓ. 3200, ஷட்டர் 1/100, ஃப்ளாஷை இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்குக்குக் குறைத்தேன். ஃப்ளாஷைக் கேமரா தலையிலிருந்து கழற்றி, ஒயரில் இணைத்து, சேட்டனிடம் கொடுத்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். லென்ஸுக்கு மேலேயே இருந்தால் எட்டு மீட்டருக்கு அப்பால் இரண்டுக்கும் இடையே சுமார் ஒரு டிகிரிதான் இருக்கும். வெளிச்சம் விழித்திரையில் பட்டு வந்த வழியே லென்ஸுக்குள் திரும்பி வரும். அதுதான் அந்த வெள்ளிப் பொட்டு. இருட்டில் கண்பாப்பா விரிந்திருப்பதால் இன்னும் மோசம்.

அப்புறம் நாலு படங்கள். ஒன்றில் குருவி நகர்ந்துவிட்டதால் கூர்மையான குருவிக்குப் பின்னால் அதன் ஆவி மாதிரி ஒரு மங்கல் விளிம்பு. ஃப்ளாஷ் ஒரு குருவியைப் பிடிக்க, காட்டு வெளிச்சம் இன்னொன்றைப் பிடித்திருந்தது. ஒன்றில் தலை இலைக்குப் பின்னால். மூன்றாவது சரியாக வந்தது. சருகு சருகாகவே பழுப்பில் இருந்தது, பின்னால் ஓடைக்கரையின் பச்சை இருந்தது, கண்ணில் கடுகளவு ஒளி. ஃப்ளாஷ் போட்டதாகவே தெரியவில்லை. நாலாவதற்கு அது முதுகைக் காட்டித் திரும்பி, ஓடைக்கு அந்தப்பக்கம் போனது. சேட்டன் ஒன்றும் சொல்லாமல் ஃப்ளாஷை அணைத்து என்னிடம் நீட்டினார்.

மூன்றாம் நாள் தவளைவாயன். மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் விட்டால் வேறெங்கும் கிடைக்காத பறவை. ஈற்றை மூங்கில் புதருக்குள் இருபது நிமிஷம் குனிந்தே நடந்து, சேட்டன் காட்டிய இடத்தில் காய்ந்த இலைக்கொத்தைத்தான் பார்த்தேன். இலைக்கொத்துக்கு இரண்டு வாய் இருந்தது. ஆணும் பெண்ணும் ஒட்டி உட்கார்ந்திருந்தன, பெண் செம்மண் நிறம், ஆண் சாம்பல். பகல் முழுக்க அப்படியே மரக்கட்டையாக இருக்கும். இரவில்தான் அதற்குப் பிழைப்பு, கண்ணும் அதற்கேற்ற பெரிய கண். "இவிடெ ஃப்ளாஷ் வேண்டா" என்றார், நான் பையைத் திறக்கும் முன்பே. தேவையும் இல்லை. அசையாத பறவைக்கு எதற்கு? ட்ரைபாடை மண்ணில் அழுத்தி, கேபிள் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு 1/15 நொடியில் எடுத்தேன். ஆணின் மூக்கு மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

அன்று மாலை கிளம்பும் முன் மறுபடி ஓடைக்கரைக்குப் போனோம். ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கூவியது. இரண்டே சுரம், விசில் அடித்த மாதிரி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று பதில் சொன்னது. பக்கத்தில்தான், ஐந்தாறு மீட்டரில், வேரின்மேல் நின்று நிமிர்ந்து கூவுவது மங்கலாகத் தெரிந்தது.

"எடுக்குன்னில்லே?" என்றார் சேட்டன்.

"பேட்டரி போச்சு" என்றேன். பொய்தான். நாலும் புது பேட்டரி.